மெனு பாதையை யூசர் கைடுல எழுதறது எப்படி: ஃபைல், எடிட்ல ஆரம்பிச்சு மூணு புள்ளி வரைக்கும்

"செட்டிங்ஸ் போய் ஜிஎஸ்டி ஆன் பண்ணுங்க." இந்த ஒரு வரிய யூசர் கைடுல போட்டுட்டு ஓஎம்ஆர்ல இருக்கற சாஃப்ட்வேர் டீம் அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு, அதாவது அடுத்த கட்ட வேலைக்குப் போயிரும். சவுகார்பேட்டைல ஒரு மொத்த வியாபாரக் கடைல கணக்கு பாக்கறவர் அதே வரிய செல்போன்ல தொறந்து வெச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருப்பாரு. அன்னிக்கு 11-ம் தேதி, மாசா மாசம் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) போடறவங்களுக்கு அதான் கடைசி நாள். ஸ்கிரீன்ல பாத்தா செட்டிங்ஸ்னு மேல ஒண்ணு இருக்கு, லெஃப்ட் சைடுல ஒண்ணு இருக்கு, கம்பெனி பேருக்குப் பக்கத்துல ஒரு பல்சக்கரம் வேற இருக்கு. எதுக்குள்ள போறது? சப்போர்ட்டுக்கு போன் போட வேண்டியதுதான்.

மெனுவுல எங்கருந்து எங்க போகணும்னு எழுதறது டாக்குமென்டேஷன்லயே ரொம்ப சின்ன வேலைன்னு நெனைக்கறாங்க, ஆனா ஒரு யூசர் கைடுல அதிக தடவ வர்ற வாக்கியமே இதுதான். படிக்கறவரு கண்ணு டாக்லருந்து (டாக்குமென்ட்லருந்து) ஸ்கிரீனுக்கும் ஸ்கிரீன்லருந்து டாக்குக்கும் போயிட்டு போயிட்டு வரும், ஒவ்வொரு தடவ திரும்பி வரும்போதும் விட்ட எடம் டக்குனு தெரியணும், அங்க இருக்கற சொல்லும் இங்க இருக்கற சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். போல்ட், அம்புக்குறி, ஆர்டர்னு கீழ சொல்லப்போறது எல்லாமே இந்த ஒரு காரணத்துக்காகத்தான், அழகுக்காக எதுவும் இல்ல.

ஒரு விஷயம் சொல்லிடறேன், இங்க நான் மெனு பேரெல்லாம் தமிழ் எழுத்துல எழுதறது படிக்க வசதிக்கு. உங்க சாஃப்ட்வேர் ஸ்கிரீன்ல இங்கிலீஷ் எழுத்துல இருந்தா டாக்லயும் அதே இங்கிலீஷ் எழுத்துல போடுங்க, தமிழ் டாக்கா இருந்தாலும் சரி.

1. மொதல்ல லேபிளை எடுங்க, ஸ்கிரீன்லருந்தே

டிசைன் ஃபைல்ல இருக்கற பேரு, டிக்கெட்ல டெவலப்பர் எழுதின பேரு, டீம்ல எல்லாரும் வாயால கூப்பிடற பேரு, இந்த மூணையும் நம்பாதீங்க. பில்டை (டெவலப்பர் குடுக்கற ஓடற சாஃப்ட்வேரை) இன்ஸ்டால் பண்ணி, தொறந்து, அங்க என்ன எழுதியிருக்கோ அதை எடுங்க. டெவலப்பர்கிட்ட ஸ்ட்ரிங் ஃபைல் (ஸ்கிரீன்ல வர்ற சொல்லெல்லாம் இருக்கற ஃபைல்) கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது, அதுலருந்து காப்பி பேஸ்ட் பண்ணிட்டா ஸ்பெல்லிங் சண்டையே வராது.

அப்டியே எடுக்கணும்னாலும் ரெண்டு மூணு விதிவிலக்கு இருக்கு. மெனு ஐட்டம் கடைசில மூணு புள்ளி இருக்கும் பாருங்க, "சேவ் ஆஸ்..." மாதிரி, அதை அழுத்தினா உடனே வேலை நடக்காது, இன்னும் ஏதோ கேக்க ஒரு விண்டோ தொறக்கும்னு அதுக்கு அர்த்தம். டாக்ல எழுதும்போது அந்தப் புள்ளிகளை விட்டுருங்க, மைக்ரோசாஃப்ட், கூகுள் ரெண்டு பேரோட ஸ்டைல் கைடும் அப்டித்தான் சொல்லுது, ஏன்னா வாக்கியத்துக்கு நடுவுல மூணு புள்ளி வந்தா எழுதினவன் பாதில நிறுத்திட்டான்னு தோணும். அதே மாதிரி ஃபீல்டு பேருக்கு பின்னாடி வர்ற கோலன் வேண்டாம். இங்கிலீஷ் பட்டன்ல எல்லாமே பெரிய எழுத்துல கத்திக்கிட்டு இருந்தா பெரும்பாலும் அது சிஎஸ்எஸ் (பக்கத்தோட தோற்றத்தை அமைக்கற கோட்) பண்ற வேலை, ஒரிஜினல் ஸ்ட்ரிங் சாதாரணமாத்தான் இருக்கும், டாக்ல சாதாரணமா எழுதினா போதும்.

ஸ்கிரீன்லயே ஸ்பெல்லிங் தப்பா இருந்தா? டாக்ல சரியா எழுதிட்டீங்கன்னா யூசர் தேடினா கிடைக்காது, தப்பாவே எழுதினா உங்களுக்கு மானம் போகும். டெவலப்பருக்கு பக் (தப்பு இருக்குன்னு ஒரு புகார்) போடுங்க, அது சரியாகறவரைக்கும் ஸ்கிரீன்ல இருக்கறதையே எழுதுங்க. வேற வழி இல்ல.

2. எடம் முன்னாடி, வேலை பின்னாடி

ஒரு மோசமான வரிய எடுத்து படிப்படியா சரி பண்ணுவோம். ஒரு பில்லிங் சாஃப்ட்வேர்னு வெச்சுக்குங்க, டாக்ல இப்டி இருக்கு:

"எக்ஸ்போர்ட் என்பதை கிளிக் செய்யவும், இது ஜிஎஸ்டிஆர்-1 என்பதன் கீழ், ரிப்போர்ட்ஸ் மெனுவில் உள்ள ஜிஎஸ்டி பகுதியில் காணப்படும், எக்ஸெல் ஃபைலாக சேமிக்க."

படிக்கறவரு மொத வார்த்தைலயே எக்ஸ்போர்ட்டைத் தேட ஆரம்பிச்சிடறாரு, ஸ்கிரீன்ல அது இன்னும் தெரியவே தெரியாது, ஏன்னா மூணு மெனுவுக்கு உள்ள ஒளிஞ்சிருக்கு. எதுக்காக இதெல்லாம் பண்றோம்ங்கறது கடைசில வருது, அதுக்குள்ள பாதி பேரு கிளிக் பண்ணி முடிச்சிருப்பாங்க. ஆர்டரை மாத்தலாம்:

"விற்பனை விவரத்தை எக்ஸெல் ஃபைலா எடுக்க, ரிப்போர்ட்ஸ் மெனுவுக்குப் போய் ஜிஎஸ்டில ஜிஎஸ்டிஆர்-1ல எக்ஸ்போர்ட்டை கிளிக் பண்ணுங்க."

இப்ப காரணம் முன்னாடி வந்துருச்சு, எடம் வெளிலருந்து உள்ள போற ஆர்டர்ல இருக்கு. ஆனா லேபிள் எது, நம்ம வாக்கியம் எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியல, "ஜிஎஸ்டில ஜிஎஸ்டிஆர்-1ல"ன்னு நாக்கு வேற சுளுக்குது. அடுத்தது:

"விற்பனை விவரத்தை எக்ஸெல் ஃபைலா எடுக்க, ரிப்போர்ட்ஸ் > ஜிஎஸ்டி > ஜிஎஸ்டிஆர்-1 மெனுவுக்குப் போங்க. தொறக்கற பக்கத்துல எக்ஸ்போர்ட் பட்டனை கிளிக் பண்ணுங்க."

இதான் வேணும். மெனு வரைக்கும் ஒரு வாக்கியம், அதுக்கப்புறம் பட்டனுக்கு தனி வாக்கியம், நடுவுல "தொறக்கற பக்கத்துல"ன்னு ஒரு சின்ன அடையாளம், சரியான எடத்துக்கு வந்துட்டோமான்னு அவரு செக் பண்ணிக்க. நம்ம மொழில வினை எப்பவும் கடைசிலதான் வரும்ங்கறதால இந்த ஆர்டர் தானாவே அமையும், இங்கிலீஷ் ரைட்டர்ஸ்தான் இதை பயிற்சி எடுத்து பழகணும். தமிழ்ல எழுதியும் சிலர் எடத்தைக் கொண்டுபோய் பின்னாடி வெக்கறாங்கன்னா இங்கிலீஷ் டாக்கை பக்கத்துல வெச்சு வரிக்கு வரி மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம், பாத்தவுடனே தெரிஞ்சிரும்.

3. அம்புக்குறி எது, எப்டி

பெரும்பாலும் எல்லாரும் யூஸ் பண்றது > குறிதான். மைக்ரோசாஃப்ட், கூகுள், ஆப்பிள் மூணு பேரும் இதைத்தான் வெச்சிருக்காங்க. சில டூல் தானாவே வேற குறி போடும், ஸ்ஃபிங்ஸ்ங்கற டாக் தயாரிக்கற டூல்ல மெனுசெலக்ஷன்னு ஒரு ரோல் (குறியீடு) இருக்கு, அதுல நீங்க ரெண்டு ஹைஃபனும் > குறியும் சேத்து டைப் பண்ணா அவுட்புட்ல குட்டி முக்கோணமா மாத்திக் குடுக்கும். லிப்ரேஆபீஸோட பழைய ஹெல்ப் பக்கங்கள்ல வெறும் கோடு போட்டே எழுதியிருப்பாங்க. எதை வேணா எடுத்துக்குங்க, ஆனா ஒரு டாக் செட் முழுக்க ஒண்ணுதான். ஒரு பக்கத்துல அம்பு, இன்னொரு பக்கத்துல கோடு, மூணாவது பக்கத்துல ஸ்லாஷ் இருந்தா மூணு பேரு மூணு நாள்ல எழுதினதுன்னு பாக்கறவங்களுக்கே தெரிஞ்சிடும்.

ஆனா கோடும் ஸ்லாஷும் மட்டும் வேண்டாம்னு நான் சொல்வேன், அதுக்குக் காரணம் இருக்கு. "இம்போர்ட்/எக்ஸ்போர்ட்"னு மெனு பேருலயே ஸ்லாஷ் வரும், "ஜிஎஸ்டிஆர்-1"னு பேருலயே கோடு வரும், அப்ப எது பாதை எது பேருன்னு குழம்பும். > மெனு பேருல வர்றது ரொம்ப அபூர்வம்.

குறிக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் விடுங்க. முன்னாடி விடற ஸ்பேஸ் மட்டும் சாதாரண ஸ்பேஸா இல்லாம நோ-பிரேக் ஸ்பேஸா (அந்த எடத்துல வரி உடையாம ஒட்டி நிக்கற ஸ்பேஸ்) இருந்தா நல்லது, இல்லன்னா வரி உடையும்போது > தனியா அடுத்த வரி ஆரம்பத்துல போய் நிக்கும், செல்போன்ல படிச்சா இது அடிக்கடி நடக்கும், அதுவும் தமிழ் வார்த்தை நீளமா இருக்கறதால இன்னும் அதிகம். வேர்டுல கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஸ்பேஸ் அழுத்தினா அந்த ஸ்பேஸ் வரும். மார்க்டவுன்ல (சாதாரண குறிகளை வெச்சே ஃபார்மேட் பண்ற முறை) எழுதறவங்களுக்கு இன்னொரு வம்பு: நீளமான வரிய நீங்களே என்டர் தட்டி உடைச்சு, அடுத்த வரி > குறில ஆரம்பிச்சா அதை மேற்கோள்னு எடுத்துக்கிட்டு மீதிப் பாதையை தனிப் பெட்டில தூக்கிப் போட்டுரும். எச்டிஎம்எல் கையால எழுதறவங்க > குறிக்கு அதோட என்டிட்டியை (அந்தக் குறிக்குன்னு இருக்கற கோடை) போட்டுருங்க.

4. போல்ட் மட்டும், வேற எதுவும் வேண்டாம்

லேபிளை போல்ட்ல போடறது இப்ப கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் வழக்கம். நடுவுல வர்ற > குறியை போல்ட் பண்ணக்கூடாதுன்னு மைக்ரோசாஃப்ட் கைடு சொல்லுது, சில டீம்ல முழுசா ஒரே போல்டா போட்டுருவாங்க. எனக்கு மொதல் வழிதான் புடிக்கும், லேபிள் தனித்தனியா கண்ணுல படும். மார்க்டவுன்ல டைப் பண்ண, போல்டுக்கான ஸ்டார் கொஞ்சம் அதிகம், அவ்ளோதான்.

மேற்கோள் குறி போட்டா என்னன்னு கேப்பாங்க. ஒரு லேபிளுக்கு ஓகே, நாலு லேபிள் இருக்கற பாதைக்கு எட்டு மேற்கோள் குறி, கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி இருக்கும். இட்டாலிக் தமிழுக்கு சுத்தமா ஆகாது. நிறைய தமிழ் ஃபான்ட்ல இட்டாலிக் வடிவமே கிடையாது, பிரவுசர் நேர் எழுத்தையே புடிச்சு சாய்ச்சு வெக்கும், ழ, ணை மாதிரி எழுத்தெல்லாம் ஹெல்ப் பக்கத்துல பாக்க சகிக்காது. போல்டுக்கும் இதே பிரச்சனை வரலாம், ஃபான்ட்ல போல்ட் வெயிட் இல்லன்னா எழுத்தை தடியாக்கி ஒட்டும், சின்ன சைஸ்ல ண-வோட சுழிகள் அடைச்சுக்கும். அதனால போல்ட் வெயிட் இருக்கற ஃபான்டா பாத்து எடுங்க, நோட்டோ சான்ஸ் தமிழ்ல இருக்கு, விண்டோஸ்ல நிர்மலா யூஐல இருக்கு.

இன்னொண்ணு, போல்டை மெனு லேபிளுக்கு எடுத்துக்கிட்டா "ரொம்ப முக்கியம்"னு வாக்கியத்துக்கு நடுவுல போல்ட் போடறதை நிறுத்தணும். ரெண்டுக்கும் ஒரே வேஷம் போட்டா யூசரு "ரொம்ப முக்கியம்"னு ஒரு பட்டன் எங்கன்னு தேடுவாரு, சிரிக்காதீங்க, தேடுவாங்க.

5. மெனு பேரோட விகுதியை ஒட்டாதீங்க

தமிழ்ல எழுதறவங்களுக்கு மட்டும் வர்ற தலைவலி இது, எந்த இங்கிலீஷ் ஸ்டைல் கைடும் உங்களுக்கு உதவாது. மெனு பேரு கோப்பு. நீங்க எழுதறது "கோப்பில் சேமி என்பதைத் தேர்வுசெய்க". ஸ்கிரீன்ல "கோப்பில்"னு எதுவும் இல்ல. திருத்தம் மெனு "திருத்தத்தில்" ஆயிடும், படம் "படத்தை" ஆயிடும், பாதி பேரு மாறிப்போச்சு. யூசர் கன்ட்ரோல்+எஃப் போட்டுத் தேடினாலும் சிக்காது, ரிலீஸ்ல பேரு மாறினா நீங்க ஒரே தட்டுல ரிப்ளேஸ் பண்ணவும் முடியாது, "திருத்தத்தில்", "திருத்தத்தின்", "திருத்தத்துக்கு"ன்னு ஒவ்வொண்ணா தேடணும்.

தீர்வு சிம்பிள். லேபிளை தொடாம விட்டுட்டு பக்கத்துல ஒரு பொதுச்சொல் போடுங்க, விகுதி எல்லாம் அதுமேல ஏறட்டும்: "திருத்தம் மெனுவில்", "படம் பட்டனை", "வரி விவரம் டேப்பில்". பாதையா இருந்தா கடைசி லேபிளுக்கு அப்புறம் ஒரு தடவ போதும். சந்தி எழுத்தும் இதே கதைதான், லேபிள் கடைசில க் ச் த் ப் ஒட்ட வேண்டாம், போல்டுக்கு உள்ள ஒட்டினா லேபிள் தப்பு, வெளில ஒட்டினா ஒரு ஒத்தப் புள்ளி எழுத்து மெலிஞ்சு தொங்கும். இலக்கணம் பாக்கறவங்க கோச்சுக்கலாம், இந்த ஒரு எடத்துல நான் யூசர் பக்கம்.

6. எந்த வினை

மைக்ரோசாஃப்ட் இப்ப எல்லாத்துக்கும் "செலக்ட்" மாதிரி பொதுவான சொல்லையே சொல்லுது, மவுஸா விரலா கீபோர்டான்னு தெரியாதுங்கறதால. ஆப்பிள் மெனு ஐட்டத்துக்கு "சூஸ்", பட்டனுக்கு "கிளிக்"னு பிரிச்சு வெச்சிருக்கு. கூகுள்ல மவுஸ்னா "கிளிக்", டச்னா "டேப்". தமிழ்ல இதுல ஒரு கூத்து, தட்டறதும் "டேப்", பிரவுசர்ல மேல இருக்கறதும் "டேப்". "ஹோம் டேப்பை டேப் பண்ணுங்க"ன்னு எழுதிப் பாருங்க. அதனால மொபைலுக்கு "தட்டுங்க"ன்னு வெச்சுட்டா தொல்லை தீந்துச்சு.

என்னோட கணக்கு இதான்: மெனு பாதைக்கு "போங்க", பட்டனுக்கு "கிளிக் பண்ணுங்க", லிஸ்ட்லருந்து ஒண்ணை எடுக்க "தேர்ந்தெடுங்க", பெட்டிக்கு "டிக் பண்ணுங்க", "டிக்கை எடுங்க". கீபோர்ட் கீக்கு "அழுத்துங்க". ஒரு பக்கத்துல எழுதி டீம் குரூப்ல பின் பண்ணிடுங்க. எழுத்துநடையா பேச்சுநடையாங்கறது உங்க கம்பெனி முடிவு, "செல்லவும்"னாலும் "போங்க"ன்னாலும் யூசர் போயிருவாரு, ரெண்டையும் கலக்காம இருந்தா சரி.

7. > குறியை எங்க நிறுத்தணும்

புதுசா எழுத வர்றவங்க > குறியோட அருமை தெரிஞ்சவுடனே எல்லாத்தையும் அதுல கோத்துருவாங்க: மெனு > விண்டோ > டேப் > செக்பாக்ஸ் > ஓகே. ஒரே வரில அஞ்சு லேபிள். கண்ணு ஸ்கிரீனுக்குப் போயிட்டு திரும்பி வந்தா நாலாவதுல இருந்தோமா அஞ்சாவதுலயான்னு தெரியாது. மூணு லேபிள் சவுகரியம், நாலு தாங்கும், அதுக்கு மேல போனா உடைச்சு ரெண்டு ஸ்டெப் ஆக்குங்க.

எங்க உடைக்கணும்னா, ஸ்கிரீன் மாறற எடத்துல. மெனு தொறந்து துணைமெனு தொறக்கற வரைக்கும் ஒரே கை ஓட்டம், அது ஒரு பாதை. ஒரு விண்டோ வந்துட்டா அங்க நிறுத்தி புது ஸ்டெப், அந்த விண்டோவோட தலைப்பையும் சொல்லுங்க. செக்பாக்ஸும் ஓகேவும் பாதைல வரவே கூடாது, அதெல்லாம் போற எடம் இல்ல, செய்யற வேலை.

ரிப்பன் (ஆபீஸ்ல மேல இருக்கற பட்டன் பட்டை) வேற மாதிரி. ஆபீஸ் 2007ல மைக்ரோசாஃப்ட் பழைய மெனுவை எடுத்துட்டு ரிப்பனைக் கொண்டுவந்ததுக்கு அப்புறம் அங்க மெனு, துணைமெனுங்கற அடுக்கே இல்ல, டேப் இருக்கு, அதுக்குள்ள குரூப் இருக்கு, குரூப் பேரு கீழ சின்னதா இருக்கும், அதை யாரும் கிளிக் பண்ண மாட்டாங்க. அதனால "இன்சர்ட் டேப்ல, டேபிள் பட்டனை கிளிக் பண்ணுங்க"ன்னு வார்த்தையா எழுதறது நல்லது, ஒரே மாதிரி ரெண்டு பட்டன் இருந்தா மட்டும் குரூப் பேரைச் சொல்லுங்க.

டிக் விழற மெனு ஐட்டம்னு ஒரு வகை இருக்கு, அதுல நிறைய டாக் வழுக்கி விழும். லிப்ரேஆபீஸ் ரைட்டர்ல வியூ > ஃபார்மேட்டிங் மார்க்ஸ் எடுத்துக்குங்க (மேல சொன்ன நோ-பிரேக் ஸ்பேஸ் விழுந்துருச்சான்னு பாக்க இது உதவும்). ஒரு தடவ அழுத்தினா ஆன், இன்னொரு தடவ அழுத்தினா ஆஃப். "அங்க போய் கிளிக் பண்ணுங்க"ன்னு மொட்டையா எழுதினா, ஏற்கனவே ஆன்ல இருக்கறவரு நீங்க சொன்னதை அப்டியே செஞ்சு ஆஃப் பண்ணிடுவாரு. "டிக் இல்லன்னா கிளிக் பண்ணுங்க"ன்னு எழுதுங்க. சாம்பல் கலர்ல செத்துக் கிடக்கற ஐட்டத்துக்கும் இதே அக்கறை வேணும்: கர்சர் டேபிளுக்குள்ள இருந்தாதான் அந்த மெனு வேலை செய்யும்னா "மொதல்ல டேபிளுக்குள்ள கிளிக் பண்ணுங்க"ங்கறது தனி ஸ்டெப், அடிக்குறிப்பு இல்ல.

8. பேரே இல்லாத பட்டன்கள்

மூணு கோடு, மூணு புள்ளி, பல்சக்கரம். மூணு கோட்டை ஹாம்பர்கர்னு சொல்றாங்க, 1981ல வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டருக்காக நார்ம் காக்ஸ் வரைஞ்சது அது, இன்னிக்கு உலகம் பூரா இருக்கு. டிசைனர் வாயில ஹாம்பர்கர், கெபாப், மீட்பால்னு முழு ஹோட்டல் மெனுவே ஓடும், அதெல்லாம் டாக்ல வேண்டாம், தி. நகர் கடைக்காரருக்கு பசிதான் எடுக்கும்.

மவுஸை அந்த ஐகான் மேல வெச்சா ஒரு சின்ன பேரு வரும் பாருங்க, டூல்டிப், அதான் அதோட அசல் பேரு. அதையும் போட்டு, பாக்க எப்டி இருக்கும்னும் சொல்லி, எங்க இருக்குன்னும் சொல்லுங்க: "மேல வலது ஓரத்துல, மோர் ஐகானை (மூணு புள்ளி) கிளிக் பண்ணுங்க". உருவமும் எடமும் மட்டும் சொல்லிட்டு பேரை விட்டா பாக்க முடியாதவங்களுக்கு அந்த வரி வெறும் காத்து. 2008ல வந்த டபிள்யூசிஏஜி 2.0ங்கற வெப் அணுகல் வழிகாட்டிலயே, வடிவம், சைஸ், எடம் இதை மட்டும் நம்பி ஒரு வழிமுறை இருக்கக்கூடாதுன்னு ஏ லெவல் விதியா வெச்சிருக்காங்க, ஏ-ங்கறது இருக்கறதுலயே அடிப்படை லெவல்.

> குறியையே ஸ்கிரீன் ரீடர் (பாக்க முடியாதவங்களுக்கு ஸ்கிரீனை வாசிச்சுக் காட்டற மென்பொருள்) எப்டிப் படிக்கும்ங்கறதையும் யோசிங்க. என்விடிஏ மாதிரி மென்பொருள்ல நிறுத்தற்குறி செட்டிங்கைப் பொறுத்து அதை "கிரேட்டர்"னு படிக்கலாம், இல்ல சத்தமே இல்லாம தாண்டிப் போயிடலாம். "ரிப்போர்ட்ஸ் கிரேட்டர் ஜிஎஸ்டி" கேட்டா கணக்குப் பாடம். கூகுளோட கைடுல இதுக்கு ஒரு வழி சொல்லியிருக்காங்க, எச்டிஎம்எல்ல அந்தக் குறிக்கு ஏரியா-லேபிள் (ஸ்கிரீன் ரீடருக்கு மட்டுமான பேரு) குடுத்து "அப்புறம்"ங்கற அர்த்தத்துல படிக்க வெக்கறது. டெம்ப்ளேட்ல ஒரு தடவ பண்ணிட்டா முடிஞ்சது.

9. விண்டோஸ், மேக், போன், பழைய வெர்ஷன்

லிப்ரேஆபீஸ்ல விண்டோஸ், லினக்ஸ்னா டூல்ஸ் > ஆப்ஷன்ஸ். மேக்ல அதே விஷயம் லிப்ரேஆபீஸ்ங்கற மெனுவுக்குள்ள ப்ரிஃபரன்சஸ்னு இருந்துச்சு. 2022ல மேக்ஓஎஸ் வென்ச்சுரா வந்தப்ப ஆப்பிள் சிஸ்டம் ப்ரிஃபரன்சஸையே சிஸ்டம் செட்டிங்ஸ்னு மாத்துச்சு, கூடவே ஆப்ஸ்ல இருந்த ப்ரிஃபரன்சஸும் செட்டிங்ஸ் ஆச்சு. மெட்ராஸ் வீட்டு விலாசத்துல பழைய எண், புதிய எண் ரெண்டும் போடறோம்ல, அது மாதிரி கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் சேந்துதான் ஓடணும்: "செட்டிங்ஸ் (பழைய வெர்ஷன்ல ப்ரிஃபரன்சஸ்)". எவ்ளோ நாளைக்குன்னா, அந்தப் பழைய வெர்ஷனுக்கு நீங்க சப்போர்ட் குடுக்கற வரைக்கும், அதுக்கப்புறம் தூக்கிருங்க.

ரெண்டு ஓஎஸ் பாதையும் ஒரே வாக்கியத்துல "அல்லது" போட்டு கோக்காதீங்க. தனித்தனி வரி, ஓஎஸ் பேரு முன்னாடி:

விண்டோஸ், லினக்ஸ்: டூல்ஸ் > ஆப்ஷன்ஸ்
மேக்: லிப்ரேஆபீஸ் > செட்டிங்ஸ் (பழைய வெர்ஷன்ல ப்ரிஃபரன்சஸ்)

ஆண்ட்ராய்டு இன்னும் மோசம், கம்பெனிக்கு ஒரு பாதை. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வர வெக்க பில்ட் நம்பரை ஏழு தடவ தட்டணும்னு நிறைய பேருக்குத் தெரியும், அந்த பில்ட் நம்பர் எங்க இருக்கு? பிக்சல்ல செட்டிங்ஸ் > அபவுட் போன் பக்கத்துலயே கீழ இருக்கும். சாம்சங்ல அபவுட் போனுக்குள்ள சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்னு இன்னொரு படி இறங்கணும். எம்ஐயூஐ ஓடற ஷாவ்மில பில்ட் நம்பரே இல்ல, எம்ஐயூஐ வெர்ஷன் மேல தட்டணும். இந்த மாதிரி எடத்துல எல்லா போனுக்கும் பாதை எழுதறேன்னு கிளம்பாதீங்க, முடிக்க மாட்டீங்க. அதிகமா வர்ற ரெண்டு மூணுக்கு எழுதிட்டு, மத்தவங்களுக்கு "செட்டிங்ஸ் மேல இருக்கற தேடல் பெட்டில பில்ட் நம்பர்னு தேடுங்க"ன்னு முடிச்சிருங்க. ஆழமா போற எந்த செட்டிங்குக்கும் தேடல் வழி ஒரு வரி குடுக்கறது புத்திசாலித்தனம், அடுத்த அப்டேட்ல மெனு மாறினாலும் அது நிக்கும்.

ஷார்ட்கட் கீ இருந்தா பாதைக்கு பின்னாடி சொல்லுங்க, பாதைக்கு பதிலா சொல்லாதீங்க. நடுவுல பிளஸ் குறி, ஸ்பேஸ் இல்லாம.

10. ஒரு தடவ எழுதி, எல்லா எடத்துலயும் யூஸ் பண்ணுங்க

டாக் எழுதற ஃபார்மேட்லயே (டிட்டா, டாக்புக், ஆஸ்கிடாக் மாதிரி) மெனு பாதைக்குன்னு டேக் இருக்கு, நிறைய பேரு கண்டுக்கறதே இல்ல. டிட்டால மெனுகேஸ்கேட், அதுக்குள்ள ஒவ்வொரு லேபிளுக்கும் யூஐகன்ட்ரோல், நடுவுல வர்ற குறியை அதுவே போட்டுக்கும். டாக்புக்ல மெனுசாய்ஸ். ஆஸ்கிடாக்ல மெனு மேக்ரோ, ஆனா எக்ஸ்பெரிமென்ட்டல்ங்கற செட்டிங்கை ஆன் பண்ணாதான் வேலை செய்யும், இல்லன்னா நீங்க டைப் பண்ணது அப்டியே பக்கத்துல தெரியும். டேக் போடறதோட லாபம், நாளைக்கு > வேண்டாம் முக்கோணம் போதும்னு மேனேஜர் முடிவு பண்ணா ஸ்டைல்ஷீட்ல ஒரு எடத்துல மாத்தினா போதும்.

வெறும் மார்க்டவுன்தான் இருக்குன்னா, அடிக்கடி வர்ற பாதைகளை வேரியபிளா (ஒரு பேரு குடுத்து ஒரே எடத்துல) வெச்சுக்குங்க, உங்க சைட் ஜெனரேட்டர் (மார்க்டவுனை வெப் பக்கமாக்கற டூல்) அதுக்கு இடம் குடுத்தா. வேரியபிளுக்குள்ள லேபிள் மட்டும் இருக்கணும், "மெனுவுக்குப் போங்க" வெளில. மேல அஞ்சாவதுல சொன்ன விகுதி விஷயத்தைப் பண்ணாத டீமுக்கு இது வேலை செய்யாது, ஒவ்வொரு வாக்கியத்துலயும் சொல்லோட உருவம் மாறிக்கிட்டே இருந்தா எதை வேரியபிள் ஆக்கறது.

11. டெஸ்ட்

எழுதினவரு தானே டெஸ்ட் பண்ணா கை தானா போயிரும், டாக்கைப் படிக்காமயே போயிரும். டீம்ல புதுசா சேந்தவரு, இல்ல சப்போர்ட்ல இருக்கறவரு, அவங்ககிட்ட டாக்கை மட்டும் குடுத்து பக்கத்துல உக்காருங்க, வாயைத் தொறக்காதீங்க. எங்க மவுஸ் நின்னு சுத்துதோ அங்க வரி சரியில்ல.

புது இன்ஸ்டாலேஷன்ல டெஸ்ட் பண்ணுங்க, உங்க மெஷின்ல அட்மின் ரைட்ஸ் இருக்கும், அதனால சாதாரண யூசருக்கு தெரியாத மெனுவெல்லாம் உங்களுக்குத் தெரியும். அட்மின் மெனு கேஷியர் லாகின்ல வரவே வராதுன்னா பாதைக்கு முன்னாடியே "அட்மின் லாகின்ல இருந்தாதான் இது தெரியும்"னு எழுதணும், அஞ்சு ஸ்டெப் தாண்டி எழுதக்கூடாது.

சின்ன ஸ்கிரீன்லயும் ஒரு தடவ பாருங்க. விண்டோவைக் குறுக்கினா மேல வரிசையா இருந்த மெனுவெல்லாம் மூணு கோட்டுக்குள்ள போயிடற ஆப் நிறைய இருக்கு, கடைல இருக்கற பழைய மானிட்டர்ல அது அப்டித்தான் தெரியும், உங்க பெரிய மானிட்டர்ல பாத்து எழுதின ரிப்போர்ட்ஸ் அங்க கண்ணுக்கே தெரியாது.

ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஸ்ட்ரிங் ஃபைலோட பழைய வெர்ஷனையும் புது வெர்ஷனையும் டிஃப் போட்டு (வித்தியாசம் பாத்து), மாறின லேபிள் லிஸ்டை எடுத்து டாக் ஃபோல்டர்ல தேடிடுங்க. ரிலீஸ் நோட்ஸ்ல மெனு பேரு மாறினதை டெவலப்பர் எழுத மாட்டாரு, அவருக்கு அது ஒரு வரி. ஸ்கிரீன்ஷாட்டுக்குள்ள இருக்கற பழைய பேரு மட்டும் இந்தத் தேடல்ல சிக்காது, அதனால படத்தோட ஃபைல் பேருல மெனு பேரையும் சேத்து வெச்சுக்குங்க.